உங்கள் சேர்மம் அபிகோபிளாஸ்ட்டைத்தான் தாக்குகிறதா? உறுதிப்படுத்தும் வழிமுறை

கேள்வி இதுதான்: மலேரியா ஒட்டுண்ணியான ஃபால்சிபாரத்தின் வளர்ப்பில் ஒரு புதிய சேர்மத்தைச் சேர்த்தோம். முதல் 48 மணி நேரத்தில் வளர்ச்சி குறையவே இல்லை. நான்காம் நாளில் ஒட்டுண்ணிகள் மொத்தமாகச் செத்துவிட்டன. இந்தச் சேர்மம் அபிகோபிளாஸ்ட் என்ற நுண்ணுறுப்பைத் தாக்குகிறது என்று எழுதலாமா? எப்படி உறுதிப்படுத்துவது?

இப்போதே எழுத வேண்டாம். தாமதமாகச் சாவது நல்ல தடயம், நிரூபணம் ஆகாது. அந்த நுண்ணுறுப்பு ஒட்டுண்ணிக்குச் செய்து தரும் பொருளை வெளியிலிருந்து நாமே கொடுக்க வேண்டும். கொடுத்ததும் சேர்மத்தின் நச்சு போய்விட்டால்தான் தாக்குதல் அங்கே நடக்கிறது என்று சொல்ல முடியும். அபிகோபிளாஸ்ட் விஷயத்தில் இந்தச் சோதனை இருக்கிறது என்பது நம்முடைய நல்வாய்ப்பு. மற்ற நுண்ணுறுப்புகள் பலவற்றுக்கு இவ்வளவு தெளிவான சோதனை இல்லை.

முதலில், எதைத் தேடுகிறோம் என்று பார்த்துவிடலாம். அபிகோபிளாஸ்ட் ஒரு காலத்தில் ஒளிச்சேர்க்கை செய்த கணிகம். ஒட்டுண்ணியின் மூதாதை ஒரு சிவப்புப் பாசியை விழுங்கித் தன்னுள் வைத்துக்கொண்டதன் மிச்சம் அது. அதனால்தான் அதைச் சுற்றி நான்கு சவ்வுகள் இருக்கின்றன. பச்சையம் எப்போதோ போய்விட்டது. பவளங்களோடு வாழும் குரோமெரா வேலியா என்ற நெருங்கிய உறவுயிரி இன்னமும் ஒளிச்சேர்க்கை செய்கிறது; 2008-ல் அது விவரிக்கப்பட்ட பிறகு இந்த வம்சாவளி பற்றிய சந்தேகம் பெரிதும் குறைந்தது. ஒவ்வொரு ஒட்டுண்ணிக்கும் ஒரே ஒரு அபிகோபிளாஸ்ட்தான். அதனுள் சுமார் 35,000 கார இணை நீளமுள்ள வட்ட டிஎன்ஏ இருக்கிறது. அது குறிப்பதோ ஏறக்குறைய 30 புரதங்களும், அவற்றைத் தயாரிக்கத் தேவையான ஆர்என்ஏக்களும் மட்டுமே. மீதி நூற்றுக்கணக்கான புரதங்கள் உட்கருவின் மரபணுக்களிலிருந்து வருகின்றன. அவற்றின் முனையில் இரண்டு துண்டாலான முகவரி இருக்கும். முதல் துண்டு புரதத்தைச் சுரப்புப் பாதைக்குள் அனுப்பும். இரண்டாவது துண்டு அங்கிருந்து அபிகோபிளாஸ்ட்டுக்குத் திருப்பிவிடும்.

கொழுப்பு அமிலத் தயாரிப்பு, ஹீம் தயாரிப்பின் சில படிகள், இரும்பு-கந்தகக் கொத்துகள், ஐசோபிரினாய்டுகள் என்ற கொழுப்புவகைச் சேர்மங்களின் மூலப்பொருள் என நான்கு வேலைகள் இதற்குள் நடக்கின்றன. நான்குமே உயிர் காக்கும் வேலைகள் என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கை எப்படி உடைந்தது என்பதில் உங்கள் கேள்விக்கு நேரடிப் பாடம் இருக்கிறது. 2001-ல் டிரைக்ளோசான் என்ற கிருமிநாசினி மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்வதும், ஃபேப்-ஐ என்ற கொழுப்பு அமில நொதியைத் தடுப்பதும் காட்டப்பட்டன. இரண்டையும் இணைத்து, நொதி தடைபடுவதால்தான் சாகிறது என்று முடிவு கட்டினார்கள். 2008-ல் ஃபேப்-ஐ மரபணுவையே நீக்கிப் பார்த்தபோது ஒட்டுண்ணி இரத்தத்தில் எந்தக் குறையுமின்றி வளர்ந்தது. டிரைக்ளோசான் போட்டால் முன்பு போலவே செத்தது. அந்த நொதி எலி மலேரியா இனங்களில் கல்லீரல் கட்டத்தின் கடைசியில்தான் தேவைப்படுகிறது. ஒரு சேர்மம் சோதனைக் குழாயில் ஒரு நொதியைத் தடுப்பதும் அதே சேர்மம் ஒட்டுண்ணியைக் கொல்வதும் இரண்டு தனித்தனி உண்மைகளாக இருக்கலாம். இடையில் காரணத் தொடர்பு உண்டா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

ஐசோபிரினாய்டு பாதையின் கதை வேறு. 1999-ல் ஹசன் ஜோமாவின் குழு, ஃபாஸ்மிடோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இந்தப் பாதையின் ஒரு நொதியைத் தடுத்து ஒட்டுண்ணியைக் கொல்வதைக் காட்டியது. மனித செல்கள் அதே மூலப்பொருளை மெவலோனேட் வழியாகத் தயாரிப்பதால் அவற்றில் இந்த நொதியே கிடையாது. 2011-ல் எல்லன் யே, ஜோசப் டெரிசி இருவரும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: பாதையின் இறுதிப் பொருளான ஐசோபென்டினைல் பைரோபாஸ்பேட்டை, சுருக்கமாக ஐபிபியை, வளர்ப்பு ஊடகத்திலேயே கலந்து கொடுத்தால் என்ன ஆகும்? ஒட்டுண்ணி பிழைத்துக்கொண்டது. அதைவிட முக்கியமானது, குளோராம்பெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைப் போட்டு அபிகோபிளாஸ்ட்டையே முழுதாக இழக்கச் செய்தும், ஐபிபி இருக்கும்வரை அது தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. இரத்தக் கட்டத்தில் அபிகோபிளாஸ்ட் செய்தே ஆக வேண்டிய வேலை ஐபிபி தருவது மட்டுமே என்பது அன்று தெரிந்தது. நீங்கள் செய்யப்போகும் மீட்புச் சோதனையின் அடித்தளம் இதுதான்.

ஒட்டுண்ணி ஒரு சிவப்பணுவுக்குள் நுழைந்து பெருகி வெளியேறும் 48 மணி நேரம் ஒரு சுற்று. இரண்டாம் சுற்று வரை சாவு ஏன் தள்ளிப்போகிறது என்பதையும் புரிந்துகொள்வது அவசியம், ஏனெனில் சோதனையின் கால அட்டவணையே அதைப் பொறுத்தது. டாக்சிசைக்ளின், கிளிண்டாமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் அபிகோபிளாஸ்ட்டின் பாக்டீரியா வகை ரைபோசோமை முடக்குகின்றன. முதல் 48 மணி நேரச் சுற்றில் ஒட்டுண்ணி ஏற்கெனவே உள்ள புரதங்களை வைத்துச் சமாளித்துவிடுகிறது. மகவுகள் வெளியேறிப் புதிய சிவப்பணுக்களுக்குள் நுழைவதும் நடக்கிறது. ஆனால் அவற்றுக்குக் கிடைப்பது பழுதான அபிகோபிளாஸ்ட், அல்லது ஒன்றுமே இல்லை. இரண்டாம் சுற்றில் ஐபிபி தீர்கிறது. ஐபிபியிலிருந்து உருவாகும் கொழுப்புச் சங்கிலியை ராப் போன்ற புரதங்களில் ஒட்டவைக்க முடியாமல் போகிறது. சவ்வில் பொருந்த முடியாத அந்தப் புரதங்களால் செல்லுக்குள் சரக்குப் போக்குவரத்து நின்றுவிடுகிறது. சாவு அங்கேதான். டாக்சிசைக்ளினை நோய்த்தடுப்புக்குத் தனியாகவும், காய்ச்சல் வந்தவருக்கு எப்போதும் வேகமான இன்னொரு மருந்தோடும் கொடுப்பதற்குக் காரணமும் இதுதான்.

ஃபாஸ்மிடோமைசின் போல ஐபிபி பாதையின் நொதியையே நேராகத் தடுப்பவை முதல் சுற்றிலேயே கொன்றுவிடும் என்பதைக் கவனியுங்கள். ஆகவே தாமதச் சாவு இல்லை என்பதால் அபிகோபிளாஸ்ட் இலக்கு இல்லை என்று ஆகிவிடாது.

இனி சோதனை. ஒத்த வயதுள்ள ரிங்குகளிலிருந்து, அதாவது சிவப்பணுவுக்குள் நுழைந்தபின் வரும் இளம் கட்டத்திலிருந்து, தொடங்குங்கள். 5 சதவீத சார்பிட்டாலில் 37 டிகிரியில் 10 நிமிடம் வைத்துக் கழுவினால் முதிர்ந்த கட்டங்கள் வெடித்துவிடும். அவை குடியிருக்கும் சிவப்பணுக்களின் சவ்வில் ஒட்டுண்ணி திறந்துவைத்த வழிகளில் சார்பிட்டால் நுழைந்து, கூடவே தண்ணீரையும் இழுத்துவிடும். ரிங்குகளுக்கு இன்னும் அந்த வழிகள் திறக்காததால் தப்பிக்கும். ஒருமுறை செய்தால் வயது இடைவெளி 20 மணி நேரம்வரை இருக்கும். அடுத்த சுற்றில் மீண்டும் செய்து குறுக்குங்கள். வயது கலந்த வளர்ப்பில் தாமதச் சாவும் மெதுவான சாவும் ஒரே மாதிரிதான் தெரியும்.

தொடக்கத் தொற்று விகிதத்தில், அதாவது சிவப்பணுக்களில் எத்தனை சதவீதத்தில் ஒட்டுண்ணி இருக்கிறது என்பதில், பலரும் தடுமாறுகிறார்கள். வழக்கமான 72 மணி நேரச் சோதனைக்கு 0.5 முதல் 1 சதவீதத்தில் தொடங்குவோம். அதையே 96 மணி நேரத்துக்கு நீட்டினால், சுற்றுக்கு எட்டு மடங்கு பெருகும் வளர்ப்பு இரண்டாம் சுற்றில் சக்தி தீர்ந்து தானாகவே சாகும். சோதனைத் தட்டில் மருந்து போடாத கட்டுப்பாட்டுக் குழிகளும் சரிந்துவிட்டால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. 0.1 சதவீதத்தில், 2 சதவீத ஹெமட்டோகிரிட்டில் (வளர்ப்பின் கன அளவில் சிவப்பணுக்களின் பங்கு) தொடங்குங்கள். அப்படியானால் முதல் சுற்று முடிவில் 0.8, இரண்டாவதில் 6 சதவீதத்துக்குச் சற்று மேல் வரும், அதுவே விளிம்பு. வளர்ப்பு வேகமானது என்றால் 48-ஆம் மணி நேரத்தில் எல்லாக் குழிகளையும் ஒரே அளவு நீர்க்கச் செய்யுங்கள்.

ஒவ்வொரு செறிவுக்கும் மூன்று வரிசை வேண்டும்: சேர்மம் தொடர்ந்து இருப்பது, 48 மணி நேரத்தில் மூன்று முறை கழுவி நீக்கியது, சேர்மத்தோடு 200 மைக்ரோமோலார் ஐபிபியும் இருப்பது. கழுவிய பிறகும் அடுத்த சுற்றில் சாகிறது என்றால் அது உண்மையான தாமதச் சாவு. கூடவே கட்டுப்பாடுகளாக, ஐபிபி நிச்சயம் மீட்கும் டாக்சிசைக்ளின் (1 மைக்ரோமோலார் அளவில்), ஃபாஸ்மிடோமைசின் இரண்டையும், ஐபிபியால் எந்தப் பயனும் இல்லாத குளோரோகுயினையும் வையுங்கள். ஐபிபி மட்டும் போட்ட குழியும் கட்டாயம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஐபிபி பெரும்பாலும் மெத்தனாலும் அம்மோனியாக் கரைசலும் கலந்த திரவமாகத்தான் விற்கப்படுகிறது. அதை அப்படியே 200 மைக்ரோமோலார் வரும்வரை ஊற்றினால், ஊடகத்தில் சேரும் மெத்தனாலே ஒட்டுண்ணியைக் கொன்றுவிடும். பிறகு ஐபிபி மீட்கவில்லை என்று தவறாக எழுதிவிடுவீர்கள். மெத்தனாலை ஆவியாக்கிவிட்டு ஊடகத்தில் கரையுங்கள், அல்லது திட உப்பாக வாங்குங்கள். கரைசலைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைத்து, தினமும் ஊடகம் மாற்றும்போது புதிதாகச் சேருங்கள். விலை தாங்கவில்லை என்றால் வேறு வழியும் உண்டு. மெவலோனேட்டை ஐபிபியாக மாற்றும் நொதிகளைச் சைட்டோபிளாசத்தில் தயாரிக்கும்படி மரபணு மாற்றப்பட்ட, என்எஃப்54 என்ற ஃபால்சிபாரம் வகையின் வளர்ப்பு 2020-ல் வெளிவந்தது. 50 மைக்ரோமோலார் மெவலோனேட் போதும், செலவும் மிகக் குறைவு. நிறைய சேர்மங்களைச் சலிக்கப்போகிறீர்கள் என்றால் அதைத்தான் நாடுவேன்.

முடிவைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். சைபர் கிரீன் சாயம் டிஎன்ஏவை அளக்கிறது, உயிரை அல்ல. செத்துச் சுருங்கிய ஒட்டுண்ணியின் டிஎன்ஏவும் ஒளிரும். அதனால் முக்கியமான குழிகளில் இரத்தப்பூச்சு எடுத்து, 10 சதவீத ஜீம்சாவில் 15 நிமிடம் சாயமேற்றிக் கண்ணால் பாருங்கள். தாமதச் சாவுக்கு ஒரு தனி முகம் உண்டு. முதல் சுற்று ஷைசான்ட்கள் (மகவுகளாகப் பிரியும் முதிர்ந்த கட்டம்) இயல்பாக இருக்கும், ரிங்குகள் இயல்பான எண்ணிக்கையில் தோன்றும், இரண்டாம் சுற்றின் ட்ரோஃபோசோயிட் கட்டத்தில் (ரிங்குக்கு அடுத்த வளரும் கட்டம்) தேங்கிச் சீர்குலைந்த உருவங்களாக நிற்கும். ரிங்குகளே குறைந்திருந்தால் வெளியேற்றமோ நுழைவோ பாதிக்கப்பட்டிருக்கிறது. அது வேறு விசாரணை.

ஐபிபி மீட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இலக்கு அபிகோபிளாஸ்ட்டில் என்பது இப்போது உறுதி. ஆனால் இரண்டு சாத்தியங்கள் இருக்கின்றன. ஒன்று, நுண்ணுறுப்பு அப்படியே இருக்க ஐபிபி பாதை மட்டும் அடைபட்டிருக்கலாம். மற்றொன்று, நுண்ணுறுப்பின் பிரிதலோ, டிஎன்ஏ பெருக்கமோ, புரதத் தயாரிப்போ, புரத இறக்குமதியோ கெட்டு அது அழிந்திருக்கலாம். இதைப் பிரித்தறிய, சேர்மம், ஐபிபி இரண்டோடும் மூன்று நான்கு சுற்று வளர்த்த ஒட்டுண்ணிகளின் டிஎன்ஏவை எடுத்து, அபிகோபிளாஸ்ட்டின் டூஃப்-ஏ மரபணுவையும் உட்கருவின் கைட்டினேஸ் மரபணுவையும் அளவீட்டு பிசிஆரில் ஒப்பிடுங்கள். விகிதம் மருந்து போடாததற்குச் சமமாக இருந்தால் நுண்ணுறுப்பு இருக்கிறது. ஏறக்குறைய சுழியானால் போய்விட்டது. மாதிரிகளை ஒரே வயதில் எடுப்பது முக்கியம், ஏனெனில் சுற்று முன்னேறும்போது அபிகோபிளாஸ்ட் டிஎன்ஏவின் பிரதி எண்ணிக்கை மாறும். ஒரே சுற்றில் அளந்தால் பழைய டிஎன்ஏவின் மிச்சம் குழப்பும்.

பிசிஆரில் இன்னொரு சிக்கல். ஃபால்சிபாரத்தின் உட்கரு மரபணுத்தொகுதியில் 80 சதவீதத்துக்கும் மேல் ஏ, டி எழுத்துகள்தான். அபிகோபிளாஸ்ட்டில் இன்னும் அதிகம், சுமார் 86 சதவீதம். நீட்டிப்பை வழக்கமான 72 டிகிரியில் வைத்தால் அந்த இழைகள் பிரிந்து, விளைபொருள் வராமல் போகலாம். 60 முதல் 62 டிகிரிக்கு இறக்குங்கள்.

பிசிஆருக்குத் துணையாக ஒரு படமும் தேவை. அபிகோபிளாஸ்ட்டுக்குச் செல்லும் ஏசிபி என்ற புரதத்தின் முகவரித் துண்டோடு பச்சை ஒளிர்புரதம் இணைத்த வளர்ப்பில், ரிங் கட்ட அபிகோபிளாஸ்ட் ஒரு சிறு புள்ளி. ட்ரோஃபோசோயிட்டில் அது நீளும். ஷைசான்ட்டில் கிளைவிட்டுப் படர்ந்து, கடைசி நேரத்தில் துண்டுகளாகி மீரோசோயிட் எனப்படும் ஒவ்வொரு மகவுக்கும் ஒன்றாகச் சேரும். மைட்டோகாண்ட்ரியா அதற்குப் பிறகுதான் பிரியும். அபிகோபிளாஸ்ட்டை இழந்த ஒட்டுண்ணியில் அதே ஒளிர்புரதம் காணாமல் போவதில்லை. போய்ச் சேர இடமில்லாமல், செல் முழுக்கச் சிதறிய நுண்குமிழிகளாகத் தெரியும். முதன்முறை பார்ப்பவர்கள் இதை அபிகோபிளாஸ்ட் பெருகிவிட்டது என்று எண்ணிவிடுவதுண்டு. பிசிஆர் விகிதத்தை அருகில் வைத்துப் பார்த்தால் அந்தத் தவறு நேராது. இன்னொன்று: அபிகோபிளாஸ்ட்டும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒட்டியே கிடக்கும். சாதாரண ஒளி நுண்ணோக்கியின் பிரிதிறன் சுமார் 200 நானோமீட்டர் என்பதால், இரு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று விழுவது எதையும் நிரூபிக்காது. மாதிரியையே ஜெல்லில் வைத்து நான்கு மடங்குக்கு மேல் விரிக்கும் நுண்ணோக்கு முறை இப்போது இந்தத் துறையில் பரவலாகிவிட்டது. எல்லை தெளிவாக வேண்டுமென்றால் அதற்குப் போங்கள். உயிருள்ள செல்லைப் படமெடுக்கும்போது லேசர் ஒளியைக் குறையுங்கள்; ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைச் செரிக்கும் உணவுக் குமிழியிலுள்ள ஹீமோசோயின் என்ற படிகம் ஒளியை விழுங்கிச் சூடாகி ஒட்டுண்ணியை அங்கேயே கெடுத்துவிடும்.

ஐபிபி பாதி மட்டும் மீட்டால்? அதுதான் அடிக்கடி நடப்பது. ஐபிபி இல்லாதபோதும் இருக்கும்போதும் பாதியளவு தடுக்கும் செறிவைத் தனித்தனியாகக் கணக்கிட்டு, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லுங்கள். அசித்ரோமைசின் நல்ல உதாரணம். குறைந்த செறிவில் தாமதச் சாவு, ஐபிபி முழுதாக மீட்கும். செறிவு கூடினால் அபிகோபிளாஸ்ட்டோடு தொடர்பில்லாத வேறு வழியில் விரைவாகக் கொல்லும், ஐபிபி அதைத் தடுக்காது. ஒரே ஒரு உயர்ந்த செறிவில் சோதித்தவருக்கு இந்த மருந்தின் முதன்மை இலக்கே தெரியாமல் போயிருக்கும்.

மீட்கவே இல்லை என்றால் மைட்டோகாண்ட்ரியாவைப் பாருங்கள். அங்கும் பாக்டீரியா வகை ரைபோசோம் உண்டு. அதன் டிஎன்ஏ வெறும் 6,000 இணை. குறிப்பது மூன்றே புரதங்கள். அடோவாகுவோன் என்ற மலேரியா மருந்து தாக்கும் சைட்டோகுரோம் பி அவற்றில் ஒன்று. இங்கும் அதே மாதிரி மீட்பு உண்டு. 2007-ல் அகில் வைத்யாவின் குழு, டிஎன்ஏவின் கட்டுமானப் பொருளான பிரிமிடினின் தயாரிப்பில் வரும் டைஹைட்ரோஒரோடேட் டிஹைட்ரோஜினேஸ் நொதியின் ஈஸ்ட் வடிவத்தை ஒட்டுண்ணிக்குள் வைத்தது. அந்த வடிவத்துக்கு மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் சங்கிலி தேவையில்லை. அந்த ஒட்டுண்ணி அடோவாகுவோனில் சாகவில்லை. இரத்தக் கட்டத்தில் அந்தச் சங்கிலியின் இன்றியமையாத வேலை ஆற்றல் தருவதல்ல, பிரிமிடினுக்காக யூபிகுவினோன் என்ற எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறைப் புதுப்பித்துக் கொடுப்பதே என்று இதனால் தெரிந்தது.

இதிலிருந்து வரும் ஒரு பொறியை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த ஈஸ்ட் மரபணு இப்போது மரபணு மாற்றம் ஏற்ற ஒட்டுண்ணிகளை மட்டும் மருந்து போட்டுப் பிரித்தெடுக்கும் தேர்வுக் குறியீடாகவும் பரவலாகப் பயன்படுகிறது. உங்கள் ஒளிர்புரத வளர்ப்பு அதை வைத்துத் தயாரானதென்றால், மைட்டோகாண்ட்ரியா மருந்துகள் அதில் வேலை செய்யாததுபோலத் தோன்றும். வளர்ப்பை வாங்கும்போதே எந்தத் தேர்வுக் குறியீடு என்று கேட்டுக் குறித்துவையுங்கள், மரபணு மாற்றாத பெற்றோர் வளர்ப்பிலும் ஒருமுறை சோதியுங்கள். மனித டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் குறியீட்டுக்கும் இதே எச்சரிக்கைதான், அது பைரிமெத்தமின் என்ற மலேரியா மருந்தைத் தாங்கும்.

உணவுக் குமிழிக்கு இவ்வளவு நேர்த்தியான மீட்பு இல்லை. அமிலத்தன்மையுள்ள அந்தப் பையில்தான் ஹீமோகுளோபின் செரிக்கிறது, வெளிப்படும் ஹீம் ஹீமோசோயினாகப் படிகிறது. குளோரோகுயின் அந்தப் படிதலைத் தடுக்கிறது. பிஎஃப்சிஆர்டி என்ற குமிழிச் சவ்வுப் புரதத்தின் 76-ஆம் இடத்தில் லைசின் திரியோனினாக மாறிய ஒட்டுண்ணிகள் மருந்தை வெளியேற்றிவிடுகின்றன. எனவே அந்த மாற்றம் உள்ள, இல்லாத இணை வளர்ப்புகளை ஒப்பிடுவது இங்கே நடைமுறைக்கு ஏற்ற முதல் படி.

ஐபிபி மீட்டு, டிஎன்ஏவும் காணாமல் போயிருந்தால், அடுத்தது இலக்குப் புரதம் எது என்பது. சேர்மத்தைக் குறைந்த செறிவில் கொடுத்து எதிர்ப்புத்திறன் பெற்ற ஒட்டுண்ணிகளைத் தேர்ந்தெடுத்து, மரபணுத்தொகுதியை வாசிக்க வேண்டும். தாமதச் சாவு மருந்தில் ஒவ்வொரு தேர்வுப் படியின் விளைவும் இரண்டு சுற்று தள்ளித்தான் தெரியும், ஆகவே மருந்தைக் கூட்டுவதற்கு முன் நான்கு நாளாவது காத்திருங்கள். வாசிப்பு வந்ததும் 14 குரோமோசோம்களோடு நிறுத்திவிடாதீர்கள். அசித்ரோமைசின் எதிர்ப்பில் மாறியிருந்த எல்4 ரைபோசோம் புரதம் அபிகோபிளாஸ்ட் டிஎன்ஏவில்தான் இருந்தது. ஒப்பீட்டுக் கோப்பில் அந்த 35,000 இணையும் மைட்டோகாண்ட்ரியாவின் 6,000 இணையும் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று கணினிப் பகுப்பாய்வு செய்பவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.